பலகைக்குப் பின்னால்

வெள்ளம் வடிந்ததும் அந்தத் தெருவுக்கு முதலில் திரும்பியவர் தச்சர்தான். பூட்டுக்குள் மணல் புகுந்திருந்ததால் சாவி சுற்ற மறுத்தது. எண்ணெய் விட்டு, கெஞ்சி, கடைசியில் இரண்டு கெட்ட வார்த்தை சொன்ன பிறகுதான் திறந்தது. உள்ளே முழங்கால் வரை சேறு. கூடத்து சோபா சமையலறை வாசலில் குறுக்கே கிடந்தது. சமையலறை அடுப்பு கூடத்துக்கு வந்து கவிழ்ந்திருந்தது.

"என்னைக் கேக்காம எல்லாரும் எடம் மாறிட்டீங்களா?" என்று பொருள்களைப் பார்த்துக் கேட்டார். அவர் குரல் அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. பேசாமல் மண்வெட்டியை எடுத்தார்.

வந்தது ஆற்றுத் தண்ணீர் மட்டுமல்ல. தெருக்கோடியில் சாக்கடை நீரை ஏற்றி அனுப்பும் நிலையம் மூழ்கிப்போய், ஊரின் கழிவெல்லாம் ஆற்றோடு சேர்ந்து வீடுகளுக்குள் வந்திருந்தது. சுவர்களில் இடுப்பளவுக்கு எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கோடு. தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை எல்லா வீட்டிலும் அதே உயரம். பெரிய வீடு சின்ன வீடு என்று அது பார்க்கவில்லை.

தச்சரின் மனைவியைத் தெருவில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பு, நோயாளி உடுப்பு, அறுவை அறைத் துணி என்று மலைமலையாக வருவதைப் பிரித்து, வெளுத்து, மடித்து அனுப்புகிற வேலை. வெள்ளத்திலும் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை கிடையாது. அதனால் காலையில் சேறு அள்ளிவிட்டு வேலைக்குப் போவாள். வந்து மறுபடி அள்ளுவாள். இருவரும் வெளித்திண்டில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். கையை எத்தனை முறை கழுவினாலும் ரொட்டியில் சேற்று வாடை அடித்தது.

சேறு போனது. மெத்தைகள் போயின. தச்சர் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து எல்லாச் சுவரிலும் அடித்தார். பிறகு எதிர்வீட்டுப் பெயிண்டரைக் கூப்பிட்டு வெள்ளை அடிக்கவைத்தார். பெயிண்டருக்கு அந்த மாதம் மூச்சுவிட நேரமில்லை. தெரு முழுக்க அவர் கைதான். வீடு பளிச்சென்று ஆனது. இனி வரவேண்டியவர் ஒருவர்தான்.

அக்காவின் தம்பி. பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். சிறுநீரகம் பழுதாகி, வேலையை விட்டு, வாரம் தவறாமல் டயாலிசிஸுக்கு ஊசி குத்திக்கொண்டு கிடந்தவனுக்கு அக்காதான் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தாள். இப்போது டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை பார்க்கிறான். ஆனாலும் பேர் கண்டக்டர்தான். தாய் இறந்தபோது அவன் சின்னப் பையன். அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவனையும் கூடவே கூட்டிவந்தாள். தச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை.

தண்ணீர் ஏறத் தொடங்கியபோதே கண்டக்டரை டிப்போ நண்பன் ஒருவன் வீட்டு மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வீடு நன்றாகக் காய்ந்து, பூஞ்சை இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவன் உள்ளே போகலாம். நண்பன் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. நண்பனின் மனைவி முகம் சுளிக்கவில்லைதான். ஆனால் சுளிக்காமல் இருக்க அவள் படுகிற பாடு கண்டக்டருக்குத் தெரிந்தது.

"மாமா, பெயிண்ட் அடிச்சாச்சாமே. நான் வந்துடட்டுமா?" என்று தினம் போனில் கேட்டான்.

"வா மாப்ள. பெயிண்ட் காய்ஞ்சதும் வா" என்றார் தச்சர்.

அன்று மாலை அக்கா பின்கட்டில் இருந்த தம்பியின் அறைக்குள் போனாள். நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

"என்னங்க, இந்த ரூம்ல ஒரு வாடை வருது."

"பெயிண்ட் வாடை."

"பெயிண்ட் வாடை எனக்குத் தெரியாதா? இது அதுக்கு அடியில இருக்கு."

"வாடைக்கு அடியில இன்னொரு வாடையா? ஏம்மா, உன் மூக்கு என்ன மூக்கா, இல்ல மாடி வீடா?"

அவள் சிரிக்கவில்லை. "ஈரத்துணியை மூட்டை கட்டி ஒரு மூலையில போட்டு மறந்துட்டா, அப்புறம் பிரிக்கும்போது ஒண்ணு மூஞ்சில அடிக்கும். அந்த வாடை."

அந்த அறையின் மூன்று சுவர்களில் தச்சர் வெள்ளத்துக்கு வெகு முன்பே பிளைவுட் பலகை பதித்திருந்தார். சுவரில் ரீப்பர் சட்டம் அடித்து, அதன்மேல் பலகை, பலகை சேருமிடத்தில் மெல்லிய மரப்பட்டி, படுத்தபடியே கை எட்டுகிற உயரத்தில் மருந்து வைக்க அலமாரி. வெள்ளக் கோட்டைத் துடைத்து, அதற்கும் வெள்ளை அடித்தாகிவிட்டது. பளிங்கைப் போல வழுவழுவென்று இருந்தது.

அக்கா மெயினை அணைத்தாள். திருப்புளியை எடுத்து வந்து சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு டார்ச்சைக் கணவரிடம் நீட்டினாள்.

பலகையின் பின்புறம் கறுத்திருந்தது. வெறும் கறை இல்லை. பூனையின் வயிற்று முடி போல மெத்தென்று வளர்ந்திருந்தது. நடுநடுவே பச்சை. சுவர் வேர்த்திருந்தது.

"இந்த ஓட்டைக்குப் பக்கத்துல மட்டும்தான் இருக்கும்" என்றார் தச்சர்.

"இருக்கும்" என்றாள் அக்கா. அவள் அப்படிச் சொன்னால் அதற்கு அர்த்தம் வேறு.

நகராட்சி சுகாதார ஆய்வாளர் அந்த நாட்களில் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். நடுத்தர வயதுப் பெண். முனையில் இரண்டு ஊசி வைத்த கருவி ஒன்றை மரத்திலோ சுவரிலோ குத்தி, உள்ளே எவ்வளவு ஈரம் என்று பார்ப்பார். தெரு அவருக்கு மீட்டரம்மா என்று பெயர் வைத்திருந்தது. அது அவருக்கும் தெரியும். மறுநாள் அக்கா அவரைக் கையோடு கூட்டிவந்தாள்.

மீட்டரம்மா முகமூடி போட்டுக்கொண்டு பலகையில் ஒவ்வோர் இடமாகக் குத்திக்கொண்டே வந்தார். குத்திய இடமெல்லாம் கருவி கத்தியது. தச்சருக்கு ஒவ்வொரு குத்தும் தன்மேல் விழுந்தது போல இருந்தது.

"நல்ல வேலைப்பாடு. யாரு செஞ்சது?" என்று கேட்டார் மீட்டரம்மா.

"நான்தான்."

அவர் கருவியை இறக்கினார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "இது வெறும் மழைத்தண்ணி இல்லைங்க. கழிவு கலந்த தண்ணி. செங்கல், சிமெண்டுன்னா தேய்ச்சுக் கழுவிக் காய வைக்கலாம். கெட்டி மரத்தைக்கூடப் பாக்கலாம். பிளைவுட் உங்களுக்குத் தெரியாததா, ஏடு ஏடா ஒட்டினது. உள்ள குடிச்சதை வெளிய விடாது."

"ரெண்டு தடவை பிளீச்சிங் பவுடர் அடிச்சேன்மா."

"மேல வெளுத்திருக்கும். மருந்து மேலயே நின்னுடும், அதுல இருந்த தண்ணி மட்டும் உள்ள போயிருக்கும். அதுமேல பெயிண்ட் வேற அடிச்சு மூடிட்டீங்க. பூஞ்சைக்கு ஈரமும் மரமும் இருட்டும் இருந்தாப் போதும். நாமளே வீடு கட்டிக் குடுத்த மாதிரி."

"பூஞ்சையைக் கொல்றதுக்கு ஏதாவது மருந்து..."

"செத்த பூஞ்சையும் தூளாத்தான் பறக்கும். உங்களுக்கும் எனக்கும் இருமலோட போகலாம். உங்க மச்சானுக்கு அப்படி இல்ல. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு எதிர்ப்பு சக்தியையே மருந்து குடுத்து அடக்கி வச்சிருக்காங்க. அவர் நுரையீரல்ல இது போய் உக்காந்துட்டா, எழுப்பி அனுப்புறது ரொம்பக் கஷ்டம்."

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "அண்ணே, ஆபீஸ்காரங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. இன்னொரு கோட்டு அழுத்தி அடிச்சுத் தரேன். பூஞ்சை என்ன, பூதமே வெளிய வராது."

"பூதம் உள்ளயே இருக்கட்டும்னு சொல்றீங்களா?" என்றாள் அக்கா. பெயிண்டர் தலையை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா வேலைக்குப் போனதும் தச்சர் அறைக்குள் நுழைந்தார். முழுவதையும் பிடுங்க அவருக்கு மனசில்லை. வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் அறுத்தெடுத்தால் போதும். மேலே உள்ளது நனையவே இல்லையே. பென்சிலால் கோடு போட்டார். உடைத்து எறியப் போகிற பலகையைக்கூட மட்டம் பார்த்து, மயிரிழை பிசகாமல் அறுத்தார். பின்னால் புதுத் துண்டு சேர்த்தால் ஒட்டு தெரியக் கூடாது என்று நினைப்பு.

முதல் பலகை கையோடு வந்தது. பின்புறம் முழுக்கக் கறுப்பு. அறுத்த விளிம்பைப் பார்த்தார். கறுப்பு அங்கே நிற்கவில்லை, மேலே போயிருந்தது. கோட்டை ஒரு முழம் ஏற்றினார். அதற்கு மேலும் இருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலப் பலகை தண்ணீரை மேலே இழுத்திருந்தது. மார்பு உயரத்துக்கு ஏற்றினார். தலைக்கு மேல் ஏற்றினார். வேர்த்துக் கொட்டியது. கண்ணெரிந்தது. நிற்கிற ஃபேனைக் கொண்டுவந்து பின்னால் வைத்து, முழு வேகத்தில் சுழலவிட்டு, மறுபடி அறுத்தார். பலகையின் தூளும் பூஞ்சைத் தூளும் காற்றோடு கூடத்துக்குப் போயின.

அக்கா திரும்பி வந்தபோது வெயில் கூடத்து ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் தூள் மிதப்பதைப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த தட்டுகள்மேல், மாற்று உடுப்புகள்மேல், துவைத்து மடித்து வைத்திருந்த தம்பியின் போர்வைமேல். அவள் வாசலைத் தாண்டவில்லை.

"ஃபேனை நிறுத்துங்க."

தச்சர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். புருவமெல்லாம் சாம்பல் நிறம். "கொஞ்சம் பொறு, இந்த ஒரு பலகை..."

"ஃபேனை நிறுத்துங்கன்னு சொன்னேன்!"

ஃபேன் நின்றது. தெருவே அமைதியானது போலிருந்தது.

"ஆஸ்பத்திரியில அழுக்குத்துணி வர்ற வழி வேற, வெளுத்த துணி போற வழி வேற. நடுவுல சுவர். அழுக்கைத் தொட்ட கை வெளுத்ததைத் தொடக் கூடாது. நான் வந்து தினம் தினம் உங்ககிட்ட என்ன கதை சொல்லிக்கிட்டிருந்தேன்? ஒரு ரூம்ல இருந்ததை இப்ப வீடு பூரா பரிமாறிட்டீங்க."

"உடைக்கச் சொன்ன. உடைச்சேன்."

"இப்படியா?"

"பின்ன எப்படி? பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்கிறியா? முழுசையும் பிடுங்கணும்கிறியா?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில எனக்கும்தான் ரத்தம் எடுத்தாங்க. சேரலன்னுட்டாங்க. உனக்குச் சேந்துச்சு. நீ அங்க உடம்பை அறுத்துக் குடுத்துக்கிட்டிருந்த. நான் இங்க தனியா உக்காந்து பலகை அறுத்துக்கிட்டிருந்தேன். அவன் வரும்போது ரூம் தயாரா இருக்கணும்னு. அவனுக்கு நான் குடுத்தது இது ஒண்ணுதான்."

அக்காவுக்கு இது புதிது. அவருக்கும் ரத்தம் எடுத்தார்கள் என்பது தெரியும். அந்த அறையை அவர் ஏன் அப்படி இழைத்து இழைத்துச் செய்தார் என்பது தெரியாது.

"நான் குடுத்ததைக் காப்பாத்தணும்னுதான் நீங்க குடுத்ததை உடைக்கச் சொல்றேன்" என்றாள். "எனக்கு மட்டும் இது ஆசையா?"

தச்சர் இருமினார். அது நிற்கவில்லை. அவள் தண்ணீர் மொண்டு வெளியே வைத்தாள்.

"வெளிய வாங்க. வந்து வாயைக் கொப்புளிச்சு, தலைக்கு ஊத்திக்குங்க. போட்டிருக்கிற துணியை அங்கயே கழட்டிப் போடுங்க. நாளைக்கு நான் லீவு சொல்றேன். சேந்து செய்வோம்."

அக்கா கேட்டுக்கொண்டதும் மறுநாள் மீட்டரம்மா இரண்டு இயந்திரங்களை நகராட்சி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்று நுண்ணிய தூளையும் பிடித்து வைத்துக்கொள்கிற உறிஞ்சி. இன்னொன்று காற்றிலிருக்கும் ஈரத்தைத் தண்ணீராக்கி வாளியில் விடுகிற பெட்டி. எப்படிச் செய்ய வேண்டும் என்று அவரும் அக்காவும் நின்றபடியே பேசி முடித்தார்கள். ஆஸ்பத்திரியில் அழுக்குக்கும் வெளுப்புக்கும் நடுவே சுவர் இருப்பது போல, பின்கட்டு அறைக்கும் கூடத்துக்கும் நடுவே கெட்டியான பாலிதீன் ஷீட்டை இரட்டையாகத் தொங்கவிட்டார்கள். தச்சர் அதன் நாலு ஓரத்தையும் பட்டி வைத்து அடித்தார். காற்று புகாமல் அடிப்பது எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறையின் ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் வெளிப்பக்கம் பார்த்து நின்றது. இனி தூள் போனால் கொல்லைப்பக்கத்துக் காலி மனைக்குத்தான் போகும், வீட்டுக்குள் வராது.

முகமூடி, கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் உறை. வேர்வை கண்ணாடிக்குள் இறங்கிக் கண்ணைக் கரித்தது. பிடுங்குவதற்கு முன் அக்கா பலகைமேல் தண்ணீர் தெளித்து நனைத்தாள், தூள் கிளம்பாமல் இருக்க.

"ஈரத்தைப் போக்கத்தானே இவ்வளவு பாடு. நீ மறுபடி நனைக்கிற" என்றார் தச்சர் முகமூடிக்குள்ளிருந்து.

"குப்பைக்குப் போறதுக்கு என்ன ஈரம், என்ன காய்ச்சல்? இழுங்க."

ஆணிபிடுங்கியை நுழைத்து நெம்பினார். பலகை முனகிக்கொண்டு வந்தது. முதல் பலகையின் மூலைப் பொருத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாய்த்தார். இரண்டாவதையும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நெம்புவது, இழுப்பது, சாய்ப்பது. அறைக்குள்ளேயே துண்டாக்கி, பைக்குள் திணித்து, வாயை இறுகக் கட்டி, பையின் வெளிப்புறத்தைத் துடைத்து, அதன் பிறகே வெளியே எடுத்தார்கள். மருந்து அலமாரி முழுசாக வந்தது. அதை ஒரு கணம் கையில் பிடித்தபடி நின்றார். அக்கா பையின் வாயை விரித்துப் பிடித்தாள். அவர் உள்ளே விட்டார்.

பலகை போன பிறகு செங்கல் சுவர். பழைய பூச்சு ஈரத்தில் ஊறிப் பொலபொலத்திருந்தது. அதையும் தட்டி எடுத்தார்கள். சோப்புத் தண்ணீரும் கம்பி பிரஷ்ஷுமாக அக்கா தேய்த்தாள். படுக்கை விரிப்பில் ரத்தக் கறையைத் தேய்க்கிற அதே பழக்கம்: மேலிருந்து கீழ், ஒரு கட்டம் முடித்து அடுத்த கட்டம், அழுக்கான தண்ணீரை உடனே மாற்றுவது. பிறகு கூடம், சமையலறை, ஒவ்வொரு தட்டு, ஒவ்வொரு கம்பி. பெருக்குமாற்றை அக்கா வீட்டை விட்டே அனுப்பிவிட்டாள். உறிஞ்சியும் ஈரத்துணியும்தான்.

பைகள் தெருவோரத்தில் குவிந்தன. ஒரு பையின் வாய் மட்டும் அவிழ்ந்து, உள்ளே மரப்பட்டியின் முனை தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கண்டக்டர் வந்து சேர்ந்தான். போனில் இருவரும் எதையோ மறைப்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. பஸ் ஏறி வந்து எதிர்வரிசையில், பெயிண்டர் வீட்டு மதிலோரம், முகமூடியோடு நின்றான்.

தச்சர் பையோடு வெளியே வந்தவர் அவனைப் பார்த்துத் திடுக்கிட்டார். "அங்கயே நில்லு மாப்ள! இந்தப் பக்கம் வராத!"

"இது என் ரூம் பலகைதானே மாமா?"

"பலகைதான். ரூம் உள்ள இருக்கு."

"எனக்காகவா பிடுங்குறீங்க?"

"பூஞ்சைக்காகப் பிடுங்குறேன். நீ எதுக்கு நடுவுல வர்ற?"

கண்டக்டர் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "மாமா, நான் டிப்போ பக்கத்துல ஒரு அறை பாத்துட்டேன். தனியா இருந்துக்கறேன். அக்கா உடம்புல பாதியை எடுத்தேன். இப்ப உங்க வீட்டுல பாதி. நான் போற எடமெல்லாம் பாதியாகுது."

உள்ளே தேய்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு இது கேட்டது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவளை முந்திக்கொண்டு தச்சர் பேசினார். தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவனிடம் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது, தெருவே கேட்டது.

"மாப்ள, நீ பஸ்ல இருந்தப்ப ஏறின ஆளை நடுவழியில இறக்கி விட்டிருக்கியா?"

"டிக்கெட் எடுக்கலன்னா விட்டிருக்கேன்."

"உனக்கு டிக்கெட் உங்கக்கா எடுத்துட்டா. எறங்குற எடம் வர்ற வரைக்கும் பேசாம உக்காரு."

கண்டக்டர் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெயிண்டரின் மனைவி அவனுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அன்று சாயங்காலம் வரை தெருவின் அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் இவர்கள் வேலை செய்தார்கள். போகும்போது, "அக்கா, முழங்கையை மடக்கித் தேய்க்காத, தோள் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு காத்திருப்பு. அடிக்கிறதும் துடைக்கிறதும்கூடப் பரவாயில்லை. சும்மா காய விடுவதுதான் தச்சருக்குப் பெரிய தண்டனை. ஈரம் உறிஞ்சும் பெட்டி மூலையில் உறுமிக்கொண்டே இருந்தது. வாளி நிறைந்தது, கொட்டினார், நிறைந்தது, கொட்டினார். இவ்வளவு தண்ணீர் சுவரில் ஒளிந்திருந்ததா என்று ஒவ்வொரு முறையும் வியந்தார். நடுவில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. வெளிக்காற்றே ஈரமாகிவிட்டதால் ஜன்னலைத் திறக்கவும் வழியில்லை. மற்ற வீடுகளில் எல்லோரும் வந்து, திரைச்சீலை மாட்டி, டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் வீடு மட்டும் தோலுரித்த மாதிரி நின்றது.

"என்னண்ணே, இன்னுமா?" என்று கேட்டபடி போவார் பெயிண்டர். ஒருநாள் கேட்காமல் போனார். அவர் வீட்டு முன்னறைச் சுவரில் புது வெள்ளையைப் பொத்துக்கொண்டு கறுப்புப் புள்ளிகள் வந்திருந்தன. அவர் மனைவி ராத்திரியெல்லாம் இருமுகிறாள் என்று அக்கா கேள்விப்பட்டாள். மறுநாளே மீட்டரம்மாவை அங்கே அனுப்பிவைத்தாள்.

கடைசியில் மழை விட்டது. மீட்டரம்மா வந்து செங்கல்லில், தரையோரத்தில், நிலைப்படியில் எல்லாம் கருவியைக் குத்திப் பார்த்தார். கருவி கத்தவில்லை. அறையில் தச்சர் செய்ததில் மிஞ்சியிருந்தது கதவும் அதன் நிலையும்தான். முற்றின மரம். வெள்ளம் அதை ஒன்றும் செய்யவில்லை. கழுவி, காயவைத்து, வைத்துக்கொள்ளலாம் என்று மீட்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார்.

"மரமும் காய்ஞ்சிருச்சு. டாக்டர்கிட்ட நான் எழுதிக் குடுக்கறேன். அவர் சரின்னா வரச் சொல்லுங்க" என்றார்.

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அவள் உள்ளங்கைத் தோல் சோப்பில் உரிந்திருந்தது. இத்தனை நாளில் அவள் சாப்பாட்டு நேரம் போக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "நாளைக்கே கூட்டிட்டு வந்துடலாங்க" என்றாள். "அவன் சிநேகிதன் பொண்டாட்டி பாவம், எத்தனை நாள் அவனை வச்சுச் சோறு போடுவா."

தச்சர் நிலையருகே நின்றிருந்தார். கையை நிலைமேல் வைத்திருந்தார். விரலால் பூச்சின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் இல்ல" என்றார்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"நிலை காய்ஞ்சிருச்சு. ஆனா நிலைக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். நிலையை நிறுத்தும்போது சுவருக்கும் அதுக்கும் இடைவெளி விழுந்துச்சு. பிளைவுட் சில்லும் கிழிஞ்ச சாக்கும் வச்சு அடைச்சேன். அதுமேல சிமெண்டு பூசிட்டேன். எல்லாத் தச்சனும் அப்படித்தான் செய்வான். உங்க கருவி மரத்தைத்தான் குத்துச்சு. சாக்கைக் குத்தல."

"ஒருவேளை அது காய்ஞ்சிருக்கலாம்" என்றார் மீட்டரம்மா, பாதி மனதோடு.

"இருக்கலாம்" என்றார் தச்சர். "பாத்துடுவோம்."

அக்கா எழுந்திருக்க முயன்றாள். "நீ உக்காரு" என்றார். ஷீட்டை மறுபடி இறக்கினார். முகமூடியைக் கட்டினார். கதவைக் கீலிலிருந்து கழற்றி, துடைத்து, வெளியே சாய்த்து வைத்தார். உளியைச் சிமெண்டில் வைத்து அடித்தார். இரண்டாவது அடிக்கே பூச்சு பெயர்ந்தது. உள்ளிருந்து சாக்கு ஒரு பிடி வந்து விழுந்தது. பிழிந்தால் சொட்டுகிற ஈரம். கறுத்து, நாறி, நூல் நூலாகப் பூஞ்சை ஓடி, பழைய கஞ்சி போலக் குழைந்திருந்தது. இரண்டு பக்கமும், மேலேயும் அப்படித்தான்.

மீட்டரம்மா மூச்சை உள்ளே இழுத்தார். "இதை நான் விட்டிருப்பேங்க" என்றார் மெதுவாக.

"நீங்க எப்படிப் பாப்பீங்க? அடைச்சவன் நான்."

நிலையைத் தூக்கி எடுக்க இருவர் வேண்டியிருந்தது. பெயிண்டரே வந்து ஒரு பக்கம் பிடித்தார். அவர் கழுத்தில் இப்போது முகமூடி தொங்கிக்கொண்டிருந்தது. சாக்கையும் சில்லையும் பையில் கட்டினார்கள். திறந்த செங்கல்லை அக்கா தேய்த்தாள். தச்சர் அவள் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கி மீதியைத் தேய்த்தார். ஈரப்பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது. போனில் கண்டக்டரிடம் தச்சரே சொன்னார்: "இன்னும் கொஞ்சம் பொறு மாப்ள." அவன் ஏனென்று கேட்கவில்லை.

கருவி மறுபடி அமைதியான பிறகு, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஒரு காலை நேரத்தில் கண்டக்டர் வந்தான். கையில் ஒரு பை, மருந்து டப்பா. கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்கு வந்தவன், அறையின் முன்னால் அப்படியே நின்றான். பூச்சில்லாத செங்கல் சுவர். சுவரிலிருந்து கையகலம் தள்ளிப் போட்ட இரும்புக் கட்டில். வேறொன்றுமில்லை. வெயில் சுவரில் நேராக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே போகிற வழி, விளிம்பெல்லாம் கொத்தின சுவரில் ஒரு பெரிய ஓட்டையாக இருந்தது.

அக்கா அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். அவன் காலை எடுத்து வைக்காமல் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவு எங்க மாமா?"

தச்சர் கட்டிலின் மறுபக்கத்திலிருந்து நிமிர்ந்தார்.

"கதவு பின்னால வரும்" என்றார். "நீ உள்ள வா."